க்ரோட்டன் குன்றில் நின்றவர்கள்: க்ரிஸ்வால்டு கோட்டைக் குடிப்படையை எப்படி நினைவுகூர வேண்டும்?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்கப் புரட்சிப் போர் என்றதும் லெக்சிங்டன், சரடோகா, யார்க்டவுன் ஆகிய பெயர்களே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. 1781 செப்டம்பர் 6 அன்று கனெக்டிகட் கடற்கரையில் நடந்த க்ரோட்டன் குன்றுச் சண்டையை அறிந்தவர்கள் குறைவு. ஊரைக் காக்கக் கோட்டைக்குள் புகுந்த ஏறத்தாழ 150 பேர், தங்களைவிட ஐந்து மடங்கு பெரிய பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அன்றே உயிரிழந்தார்கள். அவர்களுக்கு இன்று வரை செய்யப்பட்டுள்ள மரியாதை போதுமானதா, சரியானதா என்று விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேம்ஸ் என்றே பெயர் பெற்ற ஓர் ஆறு அங்கே கடலில் கலக்கிறது. மேற்குக் கரையில் நியூ லண்டன் துறைமுகம், கிழக்குக் கரையில் க்ரோட்டன். மேற்குக் கரையில் டிரம்புல் கோட்டை நீர்ப்பக்கம் மட்டுமே காவல் உடையது; நிலப்பக்கம் திறந்தே கிடந்தது. கிழக்கே குன்றின் மேல் இருந்த க்ரிஸ்வால்டு கோட்டைதான் அகழியும் மதிலும் கொண்ட உண்மையான அரண். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க அரசு உரிமம் பெற்ற தனியார் போர்க்கப்பல்களுக்கு நியூ லண்டன் பெரிய புகலிடமாக இருந்தது. அந்தக் கோடையில் ஹன்னா என்ற சரக்குக் கப்பலை அவர்கள் பிடித்து வந்தது நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமையை உறுத்தியது. வாஷிங்டன் தன் படையுடன் வர்ஜீனியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்ததால், அவரது கவனத்தைத் திருப்பவும் ஒரு தாக்குதல் தேவைப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர், அமெரிக்கத் தளபதியாக இருந்து முந்தைய ஆண்டு பிரிட்டிஷார் பக்கம் தாவிய பெனடிக்ட் ஆர்னால்டு. அவர் பிறந்த நார்விச் நகரம் அதே ஆற்றின் மேல்முனையில், சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. எரிக்கப் போகும் ஊரின் துறைகளும் தெருக்களும் அவருக்கு அத்துபடி.

கப்பல்கள் இரவிலேயே வந்து சேர்ந்தன. எதிர்க்காற்றால் உடனே ஆற்றுக்குள் நுழைய முடியவில்லை. விடியலில் கோட்டையினர் அவற்றைக் கண்டு எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டார்கள். இரண்டு குண்டு என்றால் ஆபத்து, மூன்று என்றால் நற்செய்தி என்பது அப்பகுதியின் வழக்கம். இது ஆர்னால்டுக்குத் தெரிந்திருந்தது என்றும், இரண்டாம் குண்டை அடுத்து அவரது கப்பல் ஒன்று மூன்றாவதைச் சுட்டுவிட்டது என்றும் சொல்வார்கள். சுற்றியுள்ள ஊர்களின் குடிப்படையினர் (ஆபத்து வரும்போது ஆயுதம் எடுக்கும் ஊர் மக்கள்) திரண்டு வரத் தாமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு கோட்டைகளுக்கும் பொறுப்பாளர் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லெட்யார்டு. நியூ லண்டனில் இருந்து படகேறும் முன், இன்று மானத்தையோ உயிரையோ இழக்க வேண்டி வந்தால் எதை இழப்பேன் என்பது என்னை அறிந்த உங்களுக்குத் தெரியும் என்று அவர் நண்பர்களிடம் கூறியதாக மரபு. டிரம்புல் கோட்டையில் கேப்டன் ஆடம் ஷேப்லியுடன் இருந்தவர்கள் 23 பேர் மட்டுமே. அவர்கள் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு, பீரங்கிகள் எதிரிக்குப் பயன்படாதபடி அவற்றின் திரித்துளைகளில் ஆணி அடித்துவிட்டு, கப்பல்களின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே படகில் ஆற்றைக் கடந்து க்ரிஸ்வால்டுக்குப் போனார்கள். தப்பி ஓட வழி இருந்தும் இன்னொரு கோட்டைக்குள் போய் நின்ற அந்தப் படகோட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கிழக்குக் கரையில் லெப்டினன்ட் கர்னல் எட்மண்ட் ஐர் தலைமையில் சுமார் 800 பேர் ஏறி வந்தார்கள். சரணடையச் சொல்லி வெள்ளைக்கொடியுடன் இருமுறை தூது வந்தது. இருமுறையும் லெட்யார்டு மறுத்தார். அதன் பின் நடந்த சண்டை ஏறத்தாழ 40 நிமிடங்களே நீடித்தது. ஐர் படுகாயமடைந்தார், அடுத்த நிலையில் இருந்த மேஜர் மாண்ட்கோமரி மதிலைத் தாண்டும்போது கொல்லப்பட்டார், ஆனாலும் எண்ணிக்கை வென்றது. லெட்யார்டு தன் வாளை ஒப்படைத்தார். அந்த வாளாலேயே அவர் குத்தப்பட்டார் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். கோட்டை வாயில் திறக்கும் வரை தற்காப்பாளர்களில் இறந்தவர்கள் ஒரு சிலரே. எஞ்சிய எண்பதுக்கும் மேற்பட்ட சாவுகளில் பெரும்பான்மை, ஆயுதங்களைக் கீழே போட்ட பிறகு நேர்ந்தவை.

1826-இல் அடிக்கல் நாட்டி, மாநிலம் அனுமதித்த லாட்டரியின் வருவாயைக் கொண்டு 1830-இல் முடிக்கப்பட்ட கருங்கல் தூண் ஒன்று அந்தக் குன்றில் நிற்கிறது. 1881-இல், நூற்றாண்டு நிறைவை ஒட்டி, அது இன்னும் உயர்த்தப்பட்டது. அதன் கல்வெட்டு இது படுகொலையில் வீழ்ந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது என்கிறது. அதே மூச்சில் துரோகி ஆர்னால்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனக்கு உறுத்துவது இங்கேதான். சரடோகா போர்க்களத்தில், துரோகத்துக்கு முன் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட அதே ஆர்னால்டின் காயம்பட்ட காலுக்கு ஒரு காலணிச் சிற்பம் வைத்தவர்கள், அவரது பெயரை அதில் பொறிக்காமல் விட்டார்கள். அங்கே அவரது வீரத்துக்கே பெயர் மறுக்கப்பட்டது. இங்கே அவர் கொன்றவர்களின் தூணில் அவருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. காலையில் எச்சரிக்கைக் குண்டைக் கேட்டுக் கலப்பையையும் கடையையும் விட்டுவிட்டுக் குன்றேறினார்களே, அந்த முடிவைத்தான் நாம் போற்ற வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதும் யாரால் கொல்லப்பட்டார்கள் என்பதும் அதற்கு அடுத்தபடிதான்.

பொருநை:

கடலோடி ஐயாவின் பதிவுக்கு நன்றி. ஆயினும் ஓர் அடிப்படைக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மரியாதையைப் பற்றிப் பேச முடியாது என்று நினைக்கிறேன். லெட்யார்டு கோட்டையைப் பிடித்து நின்றது சரியான முடிவுதானா? நியூ லண்டன் எரியத்தான் எரிந்தது. 140-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. கப்பல்களில் பல, கோட்டை வீழ்வதற்கு முன்பே ஆற்றின் மேற்பகுதிக்குப் போய்த் தப்பிவிட்டன. மீண்டும் மறுத்தால் போர் விதிப்படி இரக்கம் காட்டப்படாது என்று தூதுவர் எச்சரித்திருந்தார். கோட்டைக்கு வெளியே குடிப்படையினர் கூடிக்கொண்டிருந்தார்கள், கோட்டை தாக்குப்பிடித்தால் இருநூறு முந்நூறு பேருடன் வருவதாக ஓர் அதிகாரி வாக்களித்திருந்தார், அவர்கள் வரவில்லை. வராத உதவியை நம்பி அண்டை வீட்டார் எண்பது பேரைச் சாகக் கொடுத்த தளபதியை வீரர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாமா?

இறந்தவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. அவர்களில் பலர் அந்த முடிவை எடுக்கவில்லை, எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு எல்லோரையும் ஒரே புகழ்ச்சியில் நனைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் நீதியாகாது.

நெய்தல்:

பொருநை அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்லும்போது, அன்று காலை லெட்யார்டுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

தாக்க வந்த ஐரின் படையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இறந்தோ காயமடைந்தோ வீழ்ந்தார்கள். நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜெனரல் கிளின்டன் படையினரின் துணிவைப் பாராட்டினாலும் இழப்பின் அளவைக் கண்டு கலங்கினார். ஆர்னால்டே, ஆற்றின் மறுகரையில் ஒரு மேட்டிலிருந்து க்ரிஸ்வால்டின் வலிமையைப் பார்த்துவிட்டு, தாக்குதலை நிறுத்தும்படி ஓர் ஆளை அனுப்பியதாகத் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். ஆள் போய்ச் சேருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஆகவே அந்தக் கோட்டை சில நூறு பேருடன் தாக்குப்பிடிக்கக் கூடியது என்று லெட்யார்டு கருதியது வெறும் பிடிவாதம் அன்று. எதிரித் தளபதியின் கண்ணுக்கும் அது அப்படித்தான் பட்டது.

பிரிட்டிஷார் அன்று மாலையே கப்பலேறிப் போனார்கள். வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்க அவர்கள் வைத்துப் போன தீயைப் பின்னால் வந்தவர்கள் அணைத்ததால் கோட்டையும் தப்பியது. வாஷிங்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் 19-ஆம் தேதி யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அமெரிக்க மண்ணில் ஆர்னால்டு நடத்திய கடைசிச் சண்டை இதுதான். அந்த ஆண்டின் இறுதியில் அவர் லண்டனுக்குப் போய்விட்டார்.

கட்டுப்பட்டவர்கள், முடிவெடுத்தவர்கள் என்று பொருநை பிரித்ததில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. குடிப்படை என்பது சம்பளத்துக்குச் சேர்ந்து முகாமில் அடைபட்ட படை அன்று. கோட்டைக்கு வெளியே நின்றுவிட்டவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நீங்களே எழுதினீர்கள். உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாயிலைத் தாம் விரும்பியே கடந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

எழிலரசி:

நெய்தல் அவர்களின் கடைசி வரியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒவ்வொருவரும் விரும்பியே கடந்தார்கள் என்று சொல்லும்போது, கடக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையே இல்லாதவர்களும் உள்ளே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

லாம்பர்ட் லேதம் கறுப்பினத்தவர். பீரங்கிப் படைக் கேப்டன் வில்லியம் லேதமின் அடிமை. ஜார்டன் ஃப்ரீமனும் கறுப்பினத்தவர். முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். லெட்யார்டின் பணியாளராக அவருடன் கோட்டைக்கு வந்தவர். மேஜர் மாண்ட்கோமரி மதில்மேல் ஏறியபோது நீண்ட ஈட்டியால் அவரைக் குத்தி வீழ்த்தியவர் ஃப்ரீமன்தான் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களில் இருந்து வந்த மரபு. ஃப்ரீமனும் கொல்லப்பட்டார். தளபதி குத்தப்பட்டதைக் கண்டு லேதம், குத்தியவனைத் தன் பயோனெட்டால் (துப்பாக்கி முனைக் கத்தியால்) தாக்கியதாகவும், அவரது உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட குத்துக் காயங்கள் இருந்ததாகவும் அப்பகுதியில் சொல்லி வந்தார்கள்.

இப்போது தூணுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் பெயர்ப்பலகைக்கு வருகிறேன். வீழ்ந்தவர்களின் பட்டியலில் இந்த இருவரின் பெயர்கள் மற்றவர்களோடு சேர்க்கப்படாமல், நிறத்தைக் குறிப்பிட்டுத் தனியே, கடைசியில் செதுக்கப்பட்டன. லாம்பர்ட் என்ற பெயரும் செதுக்கப்படவில்லை. கறுப்பின ஆண்களை இழிவாக அழைக்கப் பயன்பட்ட 'சாம்போ' என்ற சொல் அவரது பெயரின் இடத்தில் வைக்கப்பட்டது. வீட்டில் 'லாம்போ' என்று அழைக்கப்பட்டவர், கல்லில் அப்படி ஆக்கப்பட்டார். கறுப்பின வரலாற்றாளர் வில்லியம் கூப்பர் நெல் 1855-இலேயே இந்த அவமதிப்பை அச்சில் வெளியிட்டார். 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முன்பே இது பேசப்பட்டுவிட்டது. நம் காலத்து உணர்வைப் பழைய கல்லின் மேல் ஏற்றுவதாக யாரும் சொல்ல முடியாது.

கோட்டைக்குள் பிற்காலத்தில் வைக்கப்பட்ட ஒரு செப்புப் பலகை, ஃப்ரீமன் ஈட்டியுடன் நிற்கும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாகக் காட்டுகிறது. அது நல்ல செயல். ஆனாலும் ஆர்னால்டின் பெயர் பிழையின்றிச் செதுக்கப்பட்ட அதே தூணில் லாம்பர்ட் லேதமின் பெயர் சரியாக இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. கடலோடி ஐயா ஆர்னால்டின் பெயர் அங்கே தேவையா என்று கேட்டார்கள். அதற்கு முன், இறந்தவரின் பெயர் அங்கே இருக்க வேண்டாமா என்று நான் கேட்கிறேன்.

மாறன்:

எழிலரசி அம்மா எழுதியதைப் படித்தபின் வேறொன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. இதுவரை நாம் இறந்தவர்களைப் பற்றியே பேசிவருகிறோம். உயிரோடு மிஞ்சியவர்களுக்கும் அவர்களைத் தேடி வந்தவர்களுக்கும் அந்த இரவு எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சண்டை முடிந்ததும் நடக்க முடியாத காயக்காரர்களை ஒருவர்மேல் ஒருவராக ஒரு வெடிமருந்து வண்டியில் ஏற்றினார்கள். குன்றின் சரிவு செங்குத்தானது. வண்டியை இழுத்த சிப்பாய்களால் அதன் கனத்தைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டு விலகினார்கள். வண்டி தானே உருண்டோடி, கீழே ஒரு மரத்தில் மோதி நின்றது. சிலர் அதிலேயே இறந்தார்கள், சிலர் தூக்கி எறியப்பட்டார்கள். அவர்களின் அலறல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டது என்கிறார்கள். பின்னாளில் மிசூரிக்குக் குடிபெயர்ந்த ஸ்டீபன் ஹெம்ப்ஸ்டெட், தானே காயம்பட்டுக் கிடந்தவர், இதைத் தன் நினைவுகளில் விவரித்திருக்கிறார். ரூஃபஸ் ஏவரி என்ற இன்னொருவரும் எழுதி வைத்தார். இவர்களைப் போன்றவர்கள் எழுதியிராவிட்டால் நமக்குப் பெரும்பாலும் ஆர்னால்டின் அறிக்கையே மிஞ்சியிருக்கும்.

எடுத்துச் செல்லப்படாத காயக்காரர்கள் அடிவாரத்தில் இருந்த எபனேசர் ஏவரியின் வீட்டில் கிடத்தப்பட்டார்கள். அந்த வீடு 1971-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று கோட்டைப் பூங்காவுக்குள் நிற்கிறது. ஏவரி என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒன்பது பேர் அன்று கொல்லப்பட்டார்கள். ஒரே ஊரின் படை என்றால் என்ன என்பது இந்த ஒரு செய்தியில் விளங்கும். மறுநாள் பெண்கள் வந்து, இரத்தமும் மருந்துக் கரியும் படிந்த உடல்களைப் புரட்டிப் பார்த்துத் தங்கள் கணவரையும் மகனையும் அடையாளம் கண்டார்கள். ஆன்னா வார்னர் என்ற இளம்பெண், பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட தன் மாமா எட்வர்டு மில்ஸைக் கண்டார். மனைவியையும் பிள்ளையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதும், வீட்டுக்குத் திரும்பிப்போய் மாமியைக் குதிரையில் ஏற்றி, குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

நெய்தல் எழுதிய படைக்கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து இவர்களின் மதிப்பை நிறுவ வேண்டியதில்லை. கோட்டை எதையும் காப்பாற்றியிராவிட்டாலும் ஆன்னா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்.

பொருநை:

மாறன் எழுதியதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. லாம்பர்ட் லேதமின் பெயர் பற்றி எழிலரசி கேட்டதும் முழுக்க நியாயம்.

படுகொலை என்ற கல்வெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சண்டையின் நடுவே கோட்டைக் கொடியின் கயிறு குண்டுபட்டு அறுந்து கொடி விழுந்தது என்றும், அதைச் சரணாகதி என்று எண்ணி முன்னே வந்த பிரிட்டிஷார் மேல் மறுபடி சுடப்பட்டதால் அவர்கள் வெறிகொண்டார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. கொடி உடனே மறுபடி ஏற்றப்பட்டது. ஆனால் புகையில் அதை எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? தங்கள் அதிகாரிகள் அடுத்தடுத்து வீழ்ந்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். லெட்யார்டைக் குத்தியவர் யார் என்பதிலேயே சாட்சிகள் ஒத்துப்போகவில்லை: தலைமையை ஏற்றிருந்த மேஜர் பிராம்ஃபீல்டு என்று சிலர், பிரிட்டிஷார் பக்கம் நின்ற அமெரிக்க விசுவாசிகளில் ஓர் அதிகாரி என்று வேறு சிலர். ஆயுதம் இழந்தவர்களைக் கொன்றதை இவற்றில் எதுவும் நியாயமாக்காது. கொன்றவர்களை அரக்கர்களாகக் காட்டாமலே இறந்தவர்களை மதிக்க முடியும் என்பதற்காகவே எழுதுகிறேன். மேலும், ஐரின் படையில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த அமெரிக்கர்களும் இருந்தார்கள். அது ஓரளவுக்கு உள்நாட்டுப் போரும் கூட.

நெய்தல்:

கொடிக்கயிறு பற்றிய செய்தியை ஏற்கிறேன். ஆனால் வாயில் திறந்த பின்னும் கொலை தொடர்ந்தது என்பதை உயிர் தப்பிய சாட்சிகள் பலர் சொல்கிறார்கள். குழப்பம் முதல் சில நிமிடங்களை விளக்கும், அதற்குப் பிறகானவற்றை விளக்காது. ஆகவே கல்வெட்டின் 'படுகொலை' நிற்க வேண்டும் என்பதே என் நிலை.

கடலோடி:

எல்லோருக்கும் நன்றி. நெய்தல் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கல்வெட்டை யாரும் உடைக்கவோ மாற்றவோ வேண்டும் என்று நான் கருதவில்லை. 1830-இல் அதை எழுதியவர்களில் பலர் அந்தப் பிணங்களைச் சிறுவயதில் பார்த்தவர்களாக இருந்திருக்கலாம், அவர்களின் கோபமும் வரலாறுதான். ஆனால் கல்லைத் தொடாமலே செய்யக்கூடியவை உண்டு.

க்ரோட்டனில் இருந்து 1836-இல் பிரிந்த ஊருக்கு லெட்யார்டு என்று பெயர் வைத்தார்கள். தளபதிக்கு ஓர் ஊரே கிடைத்திருக்கிறது. தந்தை கேப்டன் லேதமுடன் கோட்டைக்குள் இருந்து பீரங்கிகளுக்கு மருந்து சுமந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை யாராவது வகுப்பறையில் சொல்லித் தருகிறார்களா? அந்தச் சிறுவனின் தந்தைக்கு அடிமையாக இருந்துகொண்டு, அதே கோட்டையில் உயிர் விட்ட லாம்பர்ட்டை அவனுடன் சேர்த்துச் சொல்கிறார்களா? இருவரையும் ஒரே பாடத்தில் சொன்னால்தான் அந்தக் கோட்டையின் முழு உருவம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஓர் இனத்தின் விடுதலைக்காக நின்ற கோட்டைக்குள் இன்னோர் இனத்தின் அடிமைத்தனமும் உடன் நின்றது.

பொருநை கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இது. லெட்யார்டின் முடிவு தவறென்று நாளை யாராவது உறுதியாக நிறுவினாலும், டிரம்புல் கோட்டையின் 23 பேரில் எஞ்சியவர்கள் படகில் அக்கரை சேர்ந்தது குறையாது. அவர்களின் ஒரு படகு நடு ஆற்றில் எதிரியிடம் சிக்கியது. மற்றவை போய்ச் சேர்ந்தன. ஷேப்லி க்ரிஸ்வால்டுக்குள் நின்று சண்டையிட்டுப் படுகாயமடைந்து, பின்னர் அந்தக் காயத்தாலேயே இறந்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 6 அன்று பெயர்களை வாசிப்பதாக இருந்தால், நிறம் பதவி எதுவும் பாராமல் அகர வரிசையில், லாம்பர்ட் என்று அவரது சொந்தப் பெயரைச் சொல்லி வாசிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. எழிலரசி அம்மா, ஜார்டன் ஃப்ரீமனைப் பற்றி உங்களிடம் இன்னும் செய்திகள் இருந்தால் தனி இழையாகவே எழுதுங்கள். நானும் அங்கே வருகிறேன்.